லேபிள் உரித்த சொட்டு மருந்து

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பார்கள். நீ நலமாகத்தான் இருப்பாய் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். சில வாரமாக நீ போன் செய்வதும் நான் எடுக்காததும் தற்செயல் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் "சரி, விடுக்கா" என்பேன். நமக்குள் வந்த சண்டை எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இதுவும் அப்படி முடியக் கூடாது என்றுதான் தபாலில் எழுதுகிறேன். காகிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

நீ கடைசியாக அனுப்பிய பார்சல் வந்தது. வழக்கம்போலப் பஞ்சில் சுற்றிய சொட்டு மருந்து பாட்டில், வழக்கம்போல லேபிள் உரித்தது. மூடியைத் திருகவில்லை. அலமாரி மேல் கிடக்கிறது.

என் இடது கண் போய்விட்டது அக்கா. கும்மிருட்டு இல்லை. வெளி ஓரத்தில் ஒரு கீற்று தெரிகிறது, கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்ட மாதிரி. மற்றது இனி திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேள். எங்கள் தையல் பட்டறையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கை பிசகினால் ஒரு சட்டை இல்லை, அடுக்கு மொத்தமும் குப்பை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தோள்பட்டையைக்கூடக் கோணலாக வெட்டியதில்லை. போன மாதம் இடது பக்கக் கோட்டைத் தாண்டி வெட்டிக்கொண்டே போயிருக்கிறேன். பக்கத்து மேசையில் நிற்பவள் (சுருட்டை முடி, அதனால் சுருட்டை என்றே பேர்) ஓடி வந்து ஸ்விட்சை அணைத்தாள். "உனக்கு இந்தப் பக்கம் ஆள் வந்து நின்னா தெரியவே மாட்டேங்குதே. இத்தனை நாளா திமிருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தேன். மேசை இல்லை, துணி இல்லை, சுருட்டையும் இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அடிக்கடி கண்ணு செவக்குமா? வெளிச்சம் பட்டா கூசுமா? உள்ளுக்குள்ள வலிக்குமா?"

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அக்கா மருந்து அனுப்புவாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அக்கா டாக்டரா?"

"மருந்துக் கடை வெச்சிருக்காங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தூசியும் இல்லையாம், சூடும் இல்லையாம். கண்ணுக்கு உள்ளே அழற்சி. யுவியைட்டிஸ் என்று பேர் சொன்னார். நீ அனுப்பியது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும், பேர் தெரியாவிட்டாலும் அது செய்த வேலை தெரிகிறது என்றார். மருந்து கெட்டதில்லை, அவரும் அதைத்தான் கொடுக்கிறார். ஆனால் சொட்டைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்துக் கொடுக்கிறார். நானோ கண் சிவந்தால் விட்டேன், வெளுத்தால் நிறுத்தினேன். சிவப்பு போனதும் உனக்குப் போன் செய்து "உன் கைராசியே தனிக்கா" என்று வேறு சொன்னேன். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நரம்பு காய்ந்துவிட்டது. அது வலிக்கவே இல்லை.

அந்தப் பாட்டிலில் இருந்தது என்ன? அது இப்படிச் செய்யும் என்று உனக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

தங்கை


ஜனவரி 21

என் அன்புத் தங்கைக்கு,

நான் நலமாகத்தான் இருப்பேன் என்று எழுதியிருந்தாய். உன் அத்தானுக்குச் சர்க்கரை ஏறிக் கால் வீங்கிக் கிடக்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் ராத்திரி இறக்குவதும் நான்தான். இதற்குப் பேர் நலம் என்றால் நலம்தான்.

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். வந்தவர்களுக்குத் தலைவலி மாத்திரைக்குப் பதில் வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்தேன். உன் கண்ணுக்காக நான் அழவில்லை என்று நினைக்காதே. ஆனால் உன் எழுத்தில் அக்காவிடம் பேசுகிற தங்கை இல்லையடி. போலீஸ்காரி இருக்கிறாள்.

அம்மா போன பிறகு உன்னை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். என் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொண்டேன். அதை எல்லாம் சொல்லிக் காட்டக் கூடாது, சொல்லவில்லை. ஆனால் கேட்டது யார்? "அக்கா, கண்ணு மறுபடி செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, ஒண்ணு அனுப்பேன்" என்று கேட்டது நீ. டாக்டரிடம் ஒரு நடை போய்ப் பார் என்று நான் சொன்னேனா இல்லையா? "அங்க போய் உக்காந்தா அரை நாள் போயிடும், உன் மருந்து போதும்" என்றது யார்?

லேபிளைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கென்று தனியாக நான் உரிக்கவில்லை. எதிரே புதுக் கடை வந்ததிலிருந்து, ஓடுகிற மருந்து எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு உரித்துத்தான் விற்கிறோம். லேபிள் இருந்தால் சனங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் "போன தடவை கொடுத்தீங்களே, அந்த மருந்து" என்று நம்மிடமே வருவார்கள். வாளி முன்னால் உட்கார்ந்து நகத்தால் சுரண்டிச் சுரண்டி நீயும் உரித்தவள்தானே. அப்போது இனித்தது, இப்போது கசக்கிறதா?

மருந்தின் பேரைக் காகிதத்தில் எழுத மாட்டேன். நாளைக்கு இந்தக் கடிதம் யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும். லைசென்ஸ் அத்தான் பேரில் இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். நம் கலெக்டர் ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மூன்று வயதில் இடுப்பில் கை வைத்து வீட்டையே அதட்டுகிறாள் என்று நீ வைத்த பேர், என் பெண் அதைப் பொய்யாக்கவில்லை. இனி மெடிக்கல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. விழுந்து விழுந்து படித்ததில் அவளுக்கும் கண் சிவந்துவிட்டது. வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அதே மருந்தைத்தான் விட்டேன். இரண்டே நாளில் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. போன வருஷமும் இப்படி இரண்டு முறை வந்து, விட்டதும் சரியாகிவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. என் வயிற்றில் பிறந்தவளுக்கு நான் விஷத்தையா விடுவேன்? இதை மட்டும் யோசித்துப் பார்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

நீ எழுதிய மற்றதற்கெல்லாம் பதில் இருக்கிறது. அதைத் தூக்கி ஒரு பக்கம் வை. கலெக்டரை உடனே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம்தான் போனேன். அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அக்கா பெண் என்றேன். "காலைல எழுந்திரிக்கும்போது முதுகு விறைச்சுப் போகுதுன்னு சொல்வாளா? உங்களுக்கு அப்படி உண்டா?" என்று கேட்டார். எனக்கு உண்டு. குழாயடிக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டியாகிவிடுவேன், வெயில் ஏறினால் குமரியாகிவிடுவேன். இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் இருக்கிறதாம். சில குடும்பங்களில் முதுகும் கண்ணும் சேர்ந்தே வருமாம்.

நம் அப்பாவை நினைத்துப் பார். கடைசிக் காலத்தில் தரையைப் பார்த்தேதானே நடந்தார். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று தெருவே மெச்சியது. அவர் அடக்கம் எவ்வளவு என்று வீட்டில் இருந்த நமக்குத் தெரியும். முதுகு நிமிரவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் கண் சிவக்கும். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார், நாம் சத்தம் போடாமல் விளையாட வேண்டும். ஞாபகம் இருக்கிறதா?

கலெக்டர் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், சோம்பேறி என்று நீ வருஷக் கணக்கில் புலம்பிக்கொண்டிருக்கிறாய். அது சோம்பலாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மருந்துக்கு அழுத்தம் ஏறுகிற கண்ணும் சில வீடுகளில் ரத்தத்திலேயே வருமாம். என் கண் ஏறியது. அவள் கண் எப்படி என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்க ஐந்து நிமிஷம் ஆகாது. கண்மணியை விரிய வைத்து உள்ளேயும் பார்க்க வேண்டும். நீயாகச் சட்டென்று மருந்தை நிறுத்தவும் கூடாது, அழற்சி திரும்பிப் பாயும். டாக்டர் சொல்கிறபடிதான் குறைக்க வேண்டும்.

எனக்கு நீ மன்னிப்பு எழுத வேண்டாம். பேரும் எழுத வேண்டாம். "கூட்டிக்கொண்டு போனேன்" என்று ஒரு வரி எழுது, போதும்.

தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

வளர்ந்து வருகிற பிள்ளை மேல் இப்படியா வாய் வைப்பது? உனக்குக் கண் போனது என்றால் என் பெண்ணுக்கும் போக வேண்டுமா? போகட்டும் என்று நீ நினைக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. செத்துப்போன அப்பாவைக்கூட விட்டு வைக்கவில்லை நீ.

அவளை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்திருக்கிறேன். அவள் தும்மினால் எனக்குத் தெரியும். இப்போது கண் வெள்ளையாக இருக்கிறது, ஊசியில் நூல் கோக்கிறாள், எதிர்க் கடைப் பலகையில் இருக்கிற பொடி எழுத்தை வாசலில் நின்றபடியே படிக்கிறாள். இந்தக் கண்ணிலா நோய்?

நீ புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் மெடிக்கல். ரயில் ஓட்டுகிற வேலை என்றால் கண்தான் எல்லாம். இப்போது கண் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டால் அது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். "கண்ணுக்கு ஏதாவது வைத்தியம் பார்த்ததுண்டா" என்று அங்கே கேட்பார்கள். இல்லை என்று அவள் மனசாரச் சொல்ல வேண்டும். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் நானே தாழியை உடைக்கவா? இவள் சம்பளம் வந்தால்தான் அத்தான் கடையை விட்டு இறங்க முடியும்.

அதுவரை கண் சிவக்காமல் பார்த்துக்கொள்வேன். தினம் காலையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறேன். மெடிக்கல் முடியட்டும், நீ சொன்ன டாக்டரிடமே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தாயாம். விளக்கெண்ணெயையே விட்டிருக்கலாம். அதற்கு நரம்பு காயாது.

தினம் ஒரு சொட்டு என்று எழுதியிருக்கிறாய். சிவக்கும்போது விட்டவளுக்கே இந்தக் கதி. சிவக்காத கண்ணுக்குத் தினம் விடுகிறாயே, மாதக்கணக்கில். மெடிக்கலுக்கு வெள்ளையாக இருந்தால் போதுமா? அவள் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அறுபது வயது வரை வண்டி ஓட்ட வேண்டாமா?

என் கதையைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்குக் கதை கேட்டால்தான் புரியும் என்பதால் சொல்கிறேன். மேசையிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். முதலாளியம்மா தங்கமான மனுஷி, வேலையை விட்டுத் துரத்தவில்லை. "நூல் வெட்டுற பக்கம் உக்காந்துக்கோ, கத்திப் பக்கம் மட்டும் வராதே" என்றார். போன வருஷம் வரை எனக்கு டீ வாங்கி வந்த பெண் இப்போது என் மேசையில் நிற்கிறாள். சட்டையின் உள்பக்கம் தொங்குகிற நூலை நான் தடவிப் பார்த்து வெட்டுகிறேன். தெருவில் இடது பக்கமாக வருகிற சைக்கிள் எங்கிருந்து முளைக்கிறது என்றே தெரியவில்லை. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் துழாவுகிறேன். வலது கண்ணில் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், அதிலும் புரை விழுந்திருக்கிறது, அதுவும் அந்த மருந்தின் உபயம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குச் சூரியனைப் பார்த்தாலே கூசுகிறது, நமஸ்காரத்துக்கும் வழியில்லை.

கேட்டது நீதானே என்றாய். ஆமாம், கேட்டது நான்தான். எனக்குத் தெரியாது, கேட்டேன். உனக்கு இப்போது தெரியும். தெரிந்தே விடுகிறாய். எனக்குச் செய்ததற்கும் அவளுக்குச் செய்வதற்கும் அதுதான் வித்தியாசம்.

வேறு ஊர் டாக்டரிடம் காட்டு. எங்கள் ஊருக்கு அனுப்பு, நான் கூட்டிக்கொண்டு போகிறேன். எது வேண்டுமானாலும் செய். நீ செய்யாவிட்டால் நான் அவளுக்கே நேரில் எழுதுவேன். அவள் போனைத்தான் தேர்வு முடிகிற வரை என்று வாங்கி வைத்துக்கொண்டாய். தபால் இருக்கிறது.

தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

நீ அவளுக்கு எழுதியது என் கையில்தான் கிடைத்தது. நம் வீட்டுக்கு வருகிற தபால் எல்லாம் கடைக்குத்தான் வரும், கடையில் நான்தான் இருப்பேன். இது உனக்குத் தெரியாததில்லை. "உன் அம்மா விடுகிற மருந்து என்னவென்று கேள்" என்று ஒரு பெண்ணுக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அவள் படித்திருந்தால் என் முகத்தில் விழித்திருப்பாளா?

அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொன்று எழுதினால் அதுவும் அங்கேதான் போகும்.

பிள்ளை பெற்றவளுக்குத்தான் பிள்ளையின் அருமை தெரியும். இதற்கு மேல் எழுத என் வாயைக் கிளறாதே.

அக்கா


ஏப்ரல் 24

தங்கைக்கு,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்.

கலெக்டர் மெடிக்கலில் தேறிவிட்டாள். தூரத்து எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாளாம். வண்ணப் புள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் தப்பவில்லையாம். "கண்ணு நல்லா இருக்கும்மா" என்று அங்கே இருந்த டாக்டரே சொன்னாராம். உன் டாக்டரம்மாவும் டாக்டர்தான், அவரும் டாக்டர்தான். ஜூனில் பயிற்சிக்குப் போகிறாள்.

நான் ஜெயித்தேன் என்று சொல்வதற்காக எழுதவில்லை. நீயும் சந்தோஷப்படு. அவள் உனக்கும் பெண்தான். சட்டைத் துணியும் இனிப்பும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா


மே 6

அக்கா,

சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், சுருட்டைக்கு உன் இனிப்பில் பாதியைக் கொடுத்தேன்.

பலகையைப் படித்தாள் என்கிறாய். என்னாலும் கடைசி வரை படிக்க முடிந்தது அக்கா, ஓரம் எல்லாம் போன பிறகும். நடுவில் இருக்கிற பார்வைதான் கடைசியாகப் போகும்.

மெடிக்கல் முடியட்டும் என்றாய், முடிந்துவிட்டது. இனி உனக்குச் சாக்கு இல்லை. பயிற்சிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வா. உன்னோடு நான் பேசக்கூட மாட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 30

என் கண்ணான தங்கைக்கு,

மே மாதம் நீ எழுதியதற்குப் பதில் போடவில்லை. பயிற்சிக்குத் துணி எடுக்கவும் பெட்டி கட்டவும் நாள் ஓடிவிட்டது. இப்போதுதான் கண் நன்றாக இருக்கிறதே, லீவில் வரும்போது பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். போகும்போது அவள் பையில் நான்கைந்து பாட்டில் வைத்து அனுப்பினேன். தூசியில் நிற்கிற வேலை ஆயிற்றே என்று.

எப்படிச் சொல்வேன். பயிற்சியில் அவள் மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். சிக்னல் வந்தால் இரண்டு பேரும் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். ஒரு சாயங்காலம் இவள் சொல்லவில்லை. அவர் அதட்டியிருக்கிறார். "எந்த விளக்குன்னு தெரியல சார், எல்லாமே வெடிச்சுப் பரவித் தெரியுது, சுத்தி வளையம் வளையமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் தானே இறங்கிவிட்டாள். யாரும் இறக்கிவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கொஞ்ச நாளில் சரியாகியிருக்கும். அவள் உன்னை மாதிரி, மனசில் எதுவும் தங்காது.

அங்கே இருந்த டாக்டர் புரை என்றாராம், அழுத்தமும் ஏறியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றாராம். வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரமாக என்னிடம் எதுவும் பேசவில்லை. "சித்திக்கு எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். எங்கே என்று அத்தானிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் வருவாள், இதற்குள் வந்திருந்தாலும் வந்திருப்பாள்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீ எனக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொல்லாதே. அவளுக்கு எழுதியது என்னிடம் சிக்கியதையும் சொல்லாதே. அம்மா அறியாமல் செய்துவிட்டாள் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். "உங்க அம்மாகிட்ட நான் எதுவுமே சொன்னதில்ல, எனக்கே இப்பத்தான் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒரு பொய்யில் உனக்கு என்ன குறைந்துவிடும்? கண்ணும் போய், வேலையும் போய், அம்மாவும் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் எங்கே போவாள்? எனக்காக இல்லை, அவளுக்காகச் சொல்.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா


அக்டோபர் 7

அக்கா,

நான் சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது இது. யாருடைய கையெழுத்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் கடிதம் பின்னால்தான் வந்தது. வலது கண்ணில் புரைக்கு ஆபரேஷன் செய்து எனக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கண்ணைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாதான் சித்தி" என்றாள். திட்டித்தான் எழுதியிருப்பாய், இவளும் கேட்கட்டும் என்று, "படி" என்றேன். அவளிடம் சொல்லாதே என்று நீ கெஞ்சுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். "வேண்டாம், வெச்சிடுடி" என்று கையை நீட்டினேன். எனக்கு அவள் கை எங்கே என்று தெரியவில்லை. "எல்லாத்தையும் படிக்கணும் சித்தி" என்று சொல்லிவிட்டு, கிழித்துப் போடு என்கிற வரி வரைக்கும் குரல் மாறாமல் படித்தாள்.

நீ கேட்ட பொய்யை நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது அக்கா. சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உனக்காக இல்லை. நீ கடைசியாகக் கேட்டாயே, அவள் எங்கே போவாள் என்று, அதற்காக. நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும்.

அவள் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது, சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, அழற்சி அடங்கியதும் எடுத்துவிடலாம். வலது கண் பிழைக்கும். இடது கண்ணில் நரம்பு போன அளவு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. படிக்கலாம், எழுதலாம், தெருவில் நடக்கலாம். ரயில் ஓட்ட முடியாது. அதை அவர் சொல்லும்போது நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, "என் கண்ணைப் பத்தி நீங்க அம்மாவுக்கு முதல்ல எப்ப எழுதினீங்க?" என்று கேட்டாள். பிப்ரவரி என்றேன். "அப்ப எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருந்திருக்குமா சித்தி?" என்றாள். இருந்திருக்கும் என்றேன். இந்த வரியையும் அவள்தான் எழுதுகிறாள்.

இவள் இங்கேயே இருக்கட்டும். பார்சல் எதுவும் அனுப்பாதே.

"அம்மாவுக்கு நீ ஏதாவது எழுதணுமா?" என்று அவளிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்ல சித்தி. கவர்ல விலாசத்தை மட்டும் எழுதிடறேன்" என்கிறாள்.